ஒரே நடை, ஒரே பத்தியம்: அத்தானுக்கு இறங்கிவிட்டது, எனக்கு இறங்கவில்லை. மரபணு டெஸ்ட் எடுக்கலாமா?

பாளை_நடையன்:
வ.உ.சி. மைதானத்தில் விடியற்காலையில் நடக்கிற கூட்டத்தில் நானும் அத்தானும் உண்டு. எடைக்குறைப்புத் திட்டம் ஒன்றில் இரண்டு பேரும் சேர்ந்தே பணம் கட்டினோம். அதே உணவுப் பட்டியல், அதே நடை, வாரம் ஒரு தடவை அதே மெஷினில் ஏறி நிற்பது. மூன்று மாதத் திட்டம் முடிந்தபோது அத்தானுக்கு எட்டு கிலோ போயிருந்தது, சட்டையெல்லாம் பிடித்துத் தைக்கக் கொடுத்துவிட்டார். எனக்கு ஒன்றரை. அதுவும் மெஷின் மனசு இரங்கிக் காட்டியதோ என்னவோ.

இப்போது அந்தத் திட்டக்காரர்களே, உங்கள் உடம்பு வேற டைப், எச்சிலை எடுத்து மரபணு டெஸ்டுக்கு அனுப்பினால் உங்களுக்குக் கொழுப்பைக் குறைக்கணுமா மாவுச்சத்தைக் குறைக்கணுமா என்று தெரிந்துவிடும் என்கிறார்கள். கட்டணத்தைக் கேட்டால் மூச்சு முட்டுகிறது. எங்கள் அப்பா பக்கம் ஆண்பிள்ளை அத்தனை பேருக்கும் தொப்பை, ஆச்சியும் கடைசி வரைக்கும் கனத்த சரீரம்தான். அதனால் மரபு என்பதை நான் நம்புகிறேன். டெஸ்ட்டை நம்பலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திசையன்விளை_டீக்கடை:
வாயைக் கட்டினால் வயிறு தானா இறங்கும் வே. மரபணு கிரபணு எல்லாம் சாக்கு. எங்க தாத்தா பனையேறி. அவருக்கு எவன் எச்சில் எடுத்தான்?

மைனி_கல்லிடை:
தம்பி, ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீங்க. பட்டியல் ஒன்றுதான், சாப்பாடும் ஒன்றா? ஞாயிற்றுக்கிழமை சொதி வைத்து, இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு சிப்ஸும் பக்கத்தில் இருந்தால் எங்கள் வீட்டுக்காரர் எத்தனை தடவை சோறு வாங்கினார் என்பது அவருக்கே தெரியாது, கரண்டி பிடிக்கிற எனக்குத்தான் தெரியும். அக்கா வீட்டில் எப்படி, உங்கள் வீட்டில் எப்படி என்று சமைக்கிற பொம்பளைகள் இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கேளுங்கள். காசு செலவில்லாத டெஸ்ட்.

பாளை_நடையன்:
மைனி, நடை முடிந்து ஒரு ஆமவடை உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அத்தானும் கூடவே உட்கார்ந்து சாப்பிடுகிறாரே.

ஜங்ஷன்_பயோடெக்:
அண்ணாச்சி, நான் படித்தது பயோடெக், பிழைப்பது வேறு வேலையில், ஆனாலும் இந்த விஷயத்தை விடாமல் வாசித்து வருகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒருத்தர் பருமனாவதற்கும் இன்னொருத்தர் ஆகாததற்கும் மரபு காரணமா என்பது ஒன்று. ஒரே திட்டத்தில் ஒருத்தருக்கு எடை இறங்கி மற்றவருக்கு இறங்காததற்கு மரபு காரணமா என்பது வேறு. டெஸ்ட் விற்கிறவர்கள் முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை எடுத்து இரண்டாவதற்கு ஒட்டி விற்கிறார்கள்.

முதல் கேள்விக்குப் பதில் ஓரளவு தெளிவாகவே உண்டு. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை வைத்து 1986-இல் ஒரு ஆய்வு வந்தது. பெரியவர்களான பிறகு அவர்கள் உடல்வாகு பெற்றவர்களை ஒத்திருந்தது, சோறு போட்டு வளர்த்தவர்களை ஒத்திருக்கவில்லை. அப்புறம் 2007-இல், சர்க்கரை நோய்க்கு மரபணுவைத் தேடப் போன இடத்தில் எஃப்டிஓ என்ற மரபணு மாட்டியது. அதன் ஒரு வகையை அப்பா அம்மா இரண்டு பேரிடமிருந்தும் வாங்கியவர்கள், ஒருவரிடமிருந்தும் வாங்காதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல். கவனியுங்கள், பருமனுக்குக் கிடைத்த பொது மரபணுக்களில் பெரிய கை இதுதான், அதற்கே மூன்று கிலோ. அதுவும் பெரும்பாலும் பசி வழியாகத்தான் வேலை செய்கிறது, சாப்பிட்டும் போதும் என்று தோன்றுவது தாமதமாகிறது. ஆக டீக்கடை அண்ணாச்சி சொல்கிற வாய்க்குப் பின்னாலும் கொஞ்சம் மரபணு உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது கேள்விதான் சுவாரசியம். கனடாவில் க்ளோட் பூஷார் என்பவர் 1990-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். அச்சு அசலான இரட்டையர்கள், 12 ஜோடி இளைஞர்கள், கண்காணிப்பிலேயே தங்க வைத்து நாளைக்கு 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்து, வாரத்தில் ஆறு நாள், மொத்தம் 84 நாள். எல்லாருக்கும் ஏறியது ஒரே கணக்கில்தான் இருக்க வேண்டும், இல்லையா? ஒருவருக்கு 4 கிலோ சொச்சம், ஒருவருக்கு 13 கிலோ. ஆனால் ஒரு ஜோடிக்குள் பார்த்தால் அண்ணனுக்கு ஏறிய அளவுக்குத்தான் தம்பிக்கும் ஏறியிருக்கிறது. ஜோடிக்கு ஜோடி இருந்த வித்தியாசம், ஜோடிக்குள் இருந்ததைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. பிறகு 1994-இல் அதையே திருப்பிப் போட்டார்கள். 7 ஜோடி, சாப்பாடு கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை, சைக்கிள் மிதிக்க வைத்தே கலோரியைக் கரைத்தார்கள். சராசரியாக 5 கிலோ இறங்கியது, ஆளுக்கு ஆள் நல்ல வித்தியாசம், அதிலும் இரட்டையர் ஒத்துப்போனார்கள்.

அதனால் அத்தானுக்கு இறங்கி உங்களுக்கு இறங்காததில் பிறவிக்கும் பங்கு இருக்கலாம் என்பது வெறும் சாக்கு இல்லை. உங்கள் இரண்டு பேருக்கும் ரத்த சம்பந்தம் இல்லையே.

திசையன்விளை_டீக்கடை:
அப்போ டெஸ்ட் எடுக்கச் சொல்லிட வேண்டியதுதானே, ஏன் சுத்தி வளைக்கியரு?

ஜங்ஷன்_பயோடெக்:
அங்கேதான் வருகிறேன். பங்கு இருக்கிறது என்பது வேறு, அந்தப் பங்கு எந்த மரபணுவில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவது வேறு. தேடிப் பார்க்காமல் இல்லை. எடைக்குறைப்புச் சோதனைகள் எட்டில் கலந்துகொண்ட 9,563 பேரின் தகவலை ஒன்றாகப் போட்டு 2016-இல் பார்த்தார்கள், எஃப்டிஓ-வின் கெட்ட வகை உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் உணவாலோ உடற்பயிற்சியாலோ மருந்தாலோ எடை இறங்கியதில் வித்தியாசம் கிடைக்கவில்லை. பருமனாக்குகிற மரபணு, இளைப்பதைத் தடுக்கவில்லை! நமக்கு நல்ல செய்திதான், விற்கிறவர்களுக்குத்தான் கெட்ட செய்தி.

அமெரிக்காவில் டிபிபி, லுக் அஹெட் என்று இரண்டு பெரிய வாழ்க்கைமுறைச் சோதனைகள் நடந்தன. முதலாவது சர்க்கரை வரப்போகிற நிலையில் இருந்தவர்களுக்கு, இரண்டாவது வந்துவிட்டவர்களுக்கு. பருமனோடு தொடர்புள்ளதாகத் தெரிந்த 91 மரபணு இடங்களை எடுத்து இந்த இரண்டு சோதனைகளிலும் ஒப்பிட்டு 2015-இல் வெளியிட்டார்கள். எடை இறங்கியதோடு இரண்டிலும் ஒத்து வந்தது ஒன்றே ஒன்று, எம்டிஐஎஃப்3. எஃப்டிஓ இல்லை, டெஸ்ட் நோட்டீஸில் பெரிய எழுத்தில் போடுகிற மற்றதும் இல்லை. மரபு என்பது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன வித்தியாசங்களின் கூட்டு. அதில் நாலைந்தை மட்டும் பார்த்து உணவுப் பட்டியல் எழுதுவது, கல்யாண வீட்டு அண்டாவில் கிடக்கிற ஒரு பச்சை மிளகாயைக் கடித்துப் பார்த்து சொதிக்கு உப்பு போதுமா என்று சொல்வது மாதிரி.

பொதிகைத்தென்றல்:
நான் எடுத்தேன் அய்யா. எந்த ஆய்வகம் என்று சொல்லவில்லை, வேண்டாம். வழுவழு தாளில் புத்தகம் மாதிரி ரிப்போர்ட் வந்தது. உங்களுக்குக் கொழுப்பு குறைந்த உணவே உகந்தது என்று பச்சைக் கட்டம் போட்டிருந்தது. தேங்காயை நிறுத்தினேன். நம்ம ஊரில் தேங்காயை நிறுத்தினால் அப்புறம் என்ன மிச்சம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள், அவியல் போச்சு, சொதி போச்சு, துவையல் போச்சு. என் தங்கைக்கு நேர் எதிராக, மாவுச்சத்தைக் குறை என்று வந்தது. ஒரே அடுப்பில் இரண்டு சமையல். அம்மா ஒரு நாள் கரண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, எச்சிலைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்களே வந்து சமைத்துக்கொள்ளுங்கள் என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். எடையா? இரண்டு பேருக்கும் கொஞ்சம் இறங்கி, கொஞ்ச நாளில் திரும்ப ஏறிவிட்டது. ஆய்வகத்துக்குப் போன் போட்டால் அடுத்த பேக்கேஜ் எடுக்கச் சொல்கிறார்கள்.

ஜங்ஷன்_பயோடெக்:
உங்கள் ரிப்போர்ட் சொன்ன அதே விஷயத்தை நேருக்கு நேராகச் சோதித்துப் பார்த்தாயிற்று. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டஃபர் கார்ட்னர் குழு, 2018-இல் வெளிவந்தது, டயட்ஃபிட்ஸ் என்று பெயர். 609 பேரைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குக் கொழுப்பு குறைந்த உணவு, இன்னொன்றுக்கு மாவுச்சத்து குறைந்த உணவு, ஒரு வருஷம். இரண்டு கூட்டத்துக்குமே பொதுவாகச் சொன்னது காய்கறியைக் கூட்டு, சீனியையும் மைதாவையும் குறை, வீட்டில் சமைத்துச் சாப்பிடு. கலோரியை எண்ணச் சொல்லவே இல்லை. பிபிஏஆர்ஜி, ஏடிஆர்பி2, எஃப்ஏபிபி2 என்று மூன்று மரபணுக்களைப் பார்த்து, யார் கொழுப்பு குறைக்கிற டைப், யார் மாவுச்சத்து குறைக்கிற டைப் என்று வகைப்படுத்தியும் வைத்திருந்தார்கள். வருஷக் கடைசியில் சராசரி 5.3 கிலோ ஒரு பக்கம், 6 கிலோ மறுபக்கம், பெரிய வித்தியாசம் இல்லை. தன் டைப்புக்கு ஏற்ற உணவு கிடைத்தவர்களுக்குக் கூடுதலாக இறங்கியதா? இல்லை.

ஆனால் இரண்டு கூட்டத்திலுமே முப்பது கிலோ வரைக்கும் இறக்கியவர்களும் இருந்தார்கள், பத்து கிலோ வரைக்கும் ஏற்றிக்கொண்டவர்களும் இருந்தார்கள். உங்களுக்கும் அத்தானுக்கும் நடந்தது அங்கேயும் நடந்திருக்கிறது அண்ணாச்சி. மூன்று மரபணுவால் அதை முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

மைனி_கல்லிடை:
பொதிகை, உங்க அம்மாவுக்கு என் கும்பிடு.

ஊசி_நர்ஸக்கா:
நான் வேறு ஒரு விஷயம் கேட்க வந்தேன். பாளைத் தம்பி, ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா? தைராய்டு பார்த்தீர்களா? தூக்கம் எப்படி? இதையெல்லாம் கேட்காமலேயே மரபணுவுக்குத் தாவிவிட்டார்களா உங்கள் திட்டக்காரர்கள்?

பாளை_நடையன்:
தைராய்டு சரியாக இருக்கிறது அக்கா. சர்க்கரைக்கு மாத்திரை உண்டு, இரண்டு வகை. ஒன்று மெட்ஃபார்மின், இன்னொன்று கிளிமிபிரைடு. அத்தானுக்குச் சர்க்கரை கிடையாது. எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஊசி_நர்ஸக்கா:
பாருங்கள், இது முதல் நாளே எழுதி வாங்கியிருக்க வேண்டிய விஷயம். சர்க்கரை உள்ளவர்களுக்கு எடை இறங்குவது பொதுவாகவே மெதுவாகத்தான். போதாததற்கு நீங்கள் சொன்ன இரண்டாவது மாத்திரை, இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிற வகை, அது எடையைக் கொஞ்சம் ஏற்றக்கூடியது. பசியும் எடுக்கும், சில பேருக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிக் கை நடுங்கும், அதற்குப் பயந்தே இரண்டு பிஸ்கட்டை வாயில் போடுவார்கள். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் சர்க்கரை எகிறிவிடும். எடை குறைக்கப் பார்க்கிறேன் என்று உங்கள் டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள், எடையை ஏற்றாத மாத்திரைகள் இருக்கின்றன. நடக்கும்போது கை நடுங்குகிறதா என்பதையும் சொல்லுங்கள்.

அத்தானும் இங்கே வாசிக்கிறார் என்றால் அவருக்கும் ஒன்று. எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை வைத்துச் சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு மூன்று வருஷம் பார்த்தது, 2006-இல் வெளிவந்தது. சும்மா ஆலோசனை மட்டும் கேட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் உள்ள கூட்டத்தில் 39 பேருக்கு. இதில் என்ன விசேஷம் என்றால், அந்தக் கூட்டத்துக்கு எடை பெரிதாக இறங்கவே இல்லை. மெஷின் முள் அசையாததால் பலன் இல்லை என்று நம்ம ஜனங்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். நம்ம ஆட்களுக்குக் கைகால் ஒல்லியாக இருந்துகொண்டே வயிற்றில் கொழுப்பு சேரும், அதனால்தான் மற்ற நாட்டாருக்கு 25-இல் ஆரம்பிக்கிற கூடுதல் எடைக் கணக்கு, அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிடுகிற பிஎம்ஐ, நமக்கு 23-லேயே ஆரம்பிக்கிறது. மெஷினை விட்டுவிட்டு இடுப்பில் டேப் வையுங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதைத் தாண்டக் கூடாது.

ஜங்ஷன்_பயோடெக்:
நர்ஸக்கா சொன்னதோடு சேர்த்து ஒன்று. சர்க்கரை நோய்க்கு டிசிஎஃப்7எல்2 என்று ஒரு மரபணு உண்டு, அதன் கெட்ட வகையை இரட்டையாக வைத்திருந்தவர்களுக்கு டிபிபி சோதனையில் சர்க்கரை வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ஆனால் நடையும் உணவுக் கட்டுப்பாடும் உள்ள கூட்டத்தில் அந்த வித்தியாசம் ஏறத்தாழ மறைந்துவிட்டது. எஃப்டிஓ-விலும் அதே கதைதான், 2011-இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவலைப் பார்த்ததில், உடம்பை அசைக்கிறவர்களிடம் அந்த மரபணுவின் பருமன் பாதிப்பு கால் பங்குக்கு மேல் குறைவாக இருந்தது. கெட்ட மரபணு உள்ளவன் நடந்து பயனில்லை என்று இதில் எங்கேயும் வரவில்லை.

திசையன்விளை_டீக்கடை:
இதைத்தானே வே நான் முதலிலேயே சொன்னேன்.

ஜங்ஷன்_பயோடெக்:
இல்லை அண்ணாச்சி, நீங்கள் சொன்னது வாயைக் கட்டாதவன் குற்றவாளி என்று. ஒருத்தனுக்குப் பசியே கூடுதல் என்பதை எஃப்டிஓ காட்டியது, ஒரே அளவு பாடுபட்டாலும் ஒருத்தனுக்கு இறக்கம் குறைவு என்பதை அந்த இரட்டையர்கள் காட்டிவிட்டார்கள். ஆனால் மைனி சொன்னதில் பெரிய விஷயம் இருக்கிறது. என்ன செய்தாலும் எடை குறையவில்லை என்று வந்த சிலரை 1992-இல் அமெரிக்காவில் துல்லியமாக அளந்து பார்த்தார்கள். உடம்பு கலோரி எரிப்பதில் குறையே இல்லை. சாப்பிட்டதை ஏறத்தாழ பாதியாகக் குறைத்துச் சொல்லியிருந்தார்கள், உடற்பயிற்சியை ஒன்றரை மடங்காகக் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். பொய் சொல்லவேண்டும் என்று இல்லை, மனுஷன் கணக்கு அப்படி.

பொதிகைத்தென்றல்:
சரி, டெஸ்டால் நன்மை இல்லை, தீமையும் இல்லை, காசு மட்டும்தானே போச்சு என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாமா?

ஜங்ஷன்_பயோடெக்:
அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டிலேயே 2019-இல் வேறொரு குழு, மரபணு ரிப்போர்ட்டை நிஜமாக எடுத்துவிட்டு, முடிவை மட்டும் குலுக்கல் முறையில் மாற்றி மாற்றிச் சொன்னது. உனக்குப் பசி சீக்கிரம் அடங்குகிற நல்ல எஃப்டிஓ என்று கேட்டவர்களுக்கு, அதே சாப்பாட்டுக்கு முன்னைவிடச் சீக்கிரம் வயிறு நிறைந்தது, பசியை அடக்கும் ஹார்மோன்கூட ரத்தத்தில் கூடியது. உனக்கு உடற்பயிற்சிக்கு ஒத்துவராத மரபணு என்று கேட்டவர்கள் ஓட்ட மெஷினில் முன்னைவிடச் சீக்கிரம் களைத்து இறங்கினார்கள். நிஜ மரபணு என்ன என்பதைவிட, கேட்ட வார்த்தை சில விஷயங்களில் பெரிய வேலை செய்திருக்கிறது. சோதனை முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டார்கள், அது வேறு. உங்கள் டெஸ்ட்காரர் சிவப்புக் கட்டம் போட்டால் வந்து சரி செய்யப் போகிறாரா?

மற்றபடி ரிப்போர்ட் கையில் இருந்தால் கூடுதல் அக்கறை வரும் என்று சொல்வார்கள். ஏழு ஐரோப்பிய நாடுகளில் ஃபுட்4மீ என்று சோதித்தார்கள். ஆளைப் பார்த்து, அவர் சாப்பாட்டைப் பார்த்துச் சொன்ன ஆலோசனை பொதுவான ஆலோசனையைவிட நன்றாக வேலை செய்தது. அதன் மேல் மரபணுத் தகவலையும் சேர்த்ததில் கூடுதல் பலன் இல்லை.

பாளை_நடையன்:
டெஸ்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். திட்டக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்க டோக்கன் போட்டிருக்கிறேன், மாத்திரைச் சீட்டையும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி காட்டுகிற எச்பிஏ1சி ரிசல்ட்டையும் எடுத்துப் போகிறேன். அத்தான் இதையெல்லாம் வாசித்துவிட்டு, மாப்ளே, ஆமவடை என் கணக்கில்தான், ஆனா நான் பாதியை நாய்க்குப் போட்டுருவேன் நீ பார்க்கலை என்கிறார். நம்புவதா வேண்டாமா தெரியவில்லை.

மைனி_கல்லிடை:
நாய் எவ்வளவு எடை என்று கேளுங்கள்.

பயோடெக் தம்பி, எனக்கு ஒரு சந்தேகம். என் நாத்தனார் பேத்தி, மூன்று வயசு, பிறந்த சில மாசத்திலேயே ஊத ஆரம்பித்துவிட்டது. சாப்பிட்டு முடித்த அடுத்த நிமிஷம் திரும்பவும் அழுகிறது, ராத்திரி எழுந்து அடுப்படியில் தேடுகிறது. அப்பனும் அம்மையும் சொந்தத்துக்குள் கட்டிக்கொண்டவர்கள், மாமன் மகள்தான். நல்லா சாப்பிடுது, கண்ணு போடாதீங்க என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கும் மரபணு டெஸ்ட் வீண்தானா?

ஜங்ஷன்_பயோடெக்:
மைனி, இது வேற கதை, இதை ஒதுக்கிவிடாதீங்க. இவ்வளவு நேரம் பேசியது ஆயிரம் சின்ன வித்தியாசங்கள் சேர்ந்து வருகிற சாதாரணப் பருமன். அபூர்வமாக ஒரே ஒரு மரபணு முழுசாகப் பழுதாகி, கைக்குழந்தைப் பருவத்திலேயே அடங்காத பசியும் பருமனும் வருவதுண்டு. 1997-இல் இங்கிலாந்தில், பாகிஸ்தானிலிருந்து போன குடும்பத்தில், சொந்தத்துக்குள் கல்யாணம் நடந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு லெப்டின் என்ற ஹார்மோனே சுரக்கவில்லை என்று கண்டுபிடித்தார்கள். வெளியிலிருந்து லெப்டின் ஊசி போட்டதும் பசி அடங்கி எடை இறங்கியது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இந்த வகை வரும், சொந்தத்தில் கட்டும்போது அந்த வாய்ப்பு கூடும். எம்சி4ஆர் என்ற மரபணுவில் இன்னொரு வகை உண்டு, அது ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும். இந்த மாதிரிச் சில கோளாறுகளுக்கு செட்மெலனோடைடு என்ற மருந்துக்கு 2020-இல் அமெரிக்காவில் அனுமதியும் கொடுத்திருக்கிறார்கள். பாப்பாவுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை, ஆனால் இங்கே டெஸ்ட் எடுத்தால் வைத்தியமே மாறக்கூடும். அதைக் கடையில் எச்சில் கொடுத்து எடுக்கக் கூடாது, டாக்டர் எழுதித்தான் எடுக்க வேண்டும்.

ஊசி_நர்ஸக்கா:
ஹைகிரவுண்ட் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவுக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள் மைனி, அங்கேயிருந்து தேவையானால் ஹார்மோன் டாக்டருக்கு எழுதிக் கொடுப்பார்கள். அதுவரைக்கும் பிள்ளையைத் திட்டவோ பட்டினி போடவோ வேண்டாம். தடுப்பூசி அட்டையையும் அங்கன்வாடியில் மாசாமாசம் எடை போட்ட கணக்கையும் மறக்காமல் எடுத்துப் போகணும், எந்த மாசத்திலிருந்து எடை ஏற ஆரம்பித்தது என்று கட்டாயம் கேட்பார்கள்.